ஜான்சி ராணிப் படைப் பெண்களைத் தேடும் வேலை

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பெண்கள் பிரிவுதான் ஜான்சி ராணிப் படை. தில்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு, ‘எங்க பாட்டி ஐ.என்.ஏ.ல இருந்தாங்க, ஏதாவது பதிவு கிடைக்குமா?’ என்று கேட்டு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள்.

1945இல் பிரிட்டிஷார் விசாரித்து, தங்களிடம் உள்ள விசுவாசத்தின்படி வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தது, பெரும்பாலும் தங்கள் பழைய ராணுவத்தைச் சேர்ந்த ஆண்களை. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களோ மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள், பள்ளி மாணவிகள். பழைய ரெஜிமென்ட் எண் கிடையாது. எண் இல்லாதவர் அந்த விசாரணை அட்டவணைகளிலும் பெரும்பாலும் இல்லை. படைத் தலைவி லட்சுமி சுவாமிநாதனை எல்லோருக்கும் தெரியும், தெரிய வேண்டியதுதான். அவருக்குப் பின்னால் துப்பாக்கி ஏந்தி நின்ற தோட்டத்துப் பெண்களின் பெயர்கள் எங்கே?

இடத்தையும் காலத்தையும் பிடித்துக்கொண்டு தேடினால் வழி திறக்கும். 1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் தொடங்கியது. 1944இல் ஒரு பகுதியினர் பர்மாவுக்குப் போனார்கள். அங்கே மேமியோ ஊர் மருத்துவமனையில் இம்பால் சண்டையில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். 1945 ஏப்ரல் 24 இரவு ரங்கூனிலிருந்து பின்வாங்கல். இவற்றில் பாட்டி எதில் இருந்தார் என்று தெரிந்தாலே, புரட்ட வேண்டிய கோப்புகள் பாதியாகக் குறையும்.

கோரிக்கைச் சீட்டில் துறை, பிரிவு, ஆண்டு, கோப்பு எண் நான்கும் வேண்டும். ‘என்.டி.’ என்று எழுதித் திரும்பி வந்தால், கோப்பு துறையிலிருந்து காப்பகத்துக்கே வரவில்லை என்று பொருள். அதோடு விட்டுவிடாமல் அதே பொருளில் முந்தைய, அடுத்த ஆண்டு அட்டவணைகளையும் பாருங்கள். எழுத்துக்கூட்டலையும் மாற்றிப் பாருங்கள்: படையின் இரண்டாம் நிலையில் இருந்த ஜானகி தேவரே ‘தாவர்’ என்று பதிவாகியிருக்கிறார். தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர் இரண்டையும் கையில் வைத்திருங்கள்.

தியாகிகள் ஓய்வூதிய விதி முக்கியமாக அளப்பது சிறைவாசத்தை: பொதுவாக ஆறு மாதம், பெண்களுக்கு மூன்று. மேமியோவில் கட்டுப் போட்ட கைக்குச் சிறைச் சான்று எங்கிருந்து வரும்? இது ஆற்றாமை தரும் விஷயம்.

உறவினர்களிடம் ‘சண்டை போட்டாங்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். யார் வந்து சேர்த்துவிட்டார், எந்த முகாம், ராத்திரிக் காவல் யாரோடு, படை நிதிக்கு நகை கொடுத்தார்களா, ரங்கூனிலிருந்து ரயிலிலா நடந்தா திரும்பினார்கள் என்று கேளுங்கள். பதிலைச் சொன்னவர் பெயர், தேதியோடு அன்றே எழுதி வையுங்கள்.