நானூறு ஏக்கர்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டேன்

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய் இல்ல. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா வீட்ல இதப் பத்தி பேசினப்போ "பொய் சொல்லலைன்னா அப்புறம் எதுக்கு அதையே நோண்டிக்கிட்டிருக்க"ன்னு தான் கேட்டாங்க. என் ட்ரெயினிங் கிளாஸ்ல ஒருத்தர், நான் சொன்ன கதைல வர்ற ஆல்வின் யார்க்ங்கற முதல் உலகப்போர் சிப்பாயப் பத்திக் கேட்டது ஒரே வரி. "அவருக்கு நிலம் கிலம் ஏதாவது குடுத்தாங்களா சார்?" நானும் ஒரே வரில சொன்னேன், "குடுத்தாங்க சார், நானூறு ஏக்கர்." பின்னாடி வரிசைல யாரோ விசிலடிச்சாங்க. கேட்டவர் "அப்ப சரி"ன்னார். நான் கிளிக்கர அமுக்கி அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டேன்.

சூப்பர்வைசர் ட்ரெயினிங் எடுக்கறவங்களுக்குத் தெரியும், சாப்பாட்டுக்கு முந்தின செஷன்ல கதை இல்லைன்னா பாதிப் பேர் தூங்கிடுவாங்க. என் கதை ஆல்வின் யார்க். மாட்யூல் பேரு என்னவோ ஸ்டைலா இருக்கும், விஷயம் இவ்ளோதான்: கீழ வேலை பாக்கறவன் முடியாதுன்னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க. இந்தக் கம்பெனில ஏன் இத ஸ்பெஷலா கேட்டு வாங்கினாங்கன்னு எனக்குத் தெரியும், ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட் தகராறு ஓடிட்டிருந்துச்சு, ஹெச்ஆர் மேடமே கடைசி வரிசைல நோட்பேடோட உக்காந்திருந்தாங்க.

யார்க் கதை தெரியாதவங்களுக்காக. அமெரிக்காவுல டென்னசி மாநிலம், பால் மால்னு ஒரு மலைக்கிராமம், உல்ஃப் ஆத்துப் பள்ளத்தாக்கு. 1887ல பிறந்தார், பதினோரு பிள்ளைங்கள்ல மூணாவது. அப்பா விவசாயம், கூடவே கொல்லுப்பட்டறை. பள்ளிக்கூடம் போனது மொத்தமா சேத்தா ஒரு வருஷம் கூட வராது, ஏன்னா காட்டுல வேலை கெடந்துச்சு, வேட்டைக்குப் போனாத்தான் வீட்ல கறி. 1911ல அப்பா போயிட்டார், குடும்பம் இவர் தலைல. குடி, சண்டைன்னு திரிஞ்ச மனுஷன் 1915 வாக்குல ஒரு சின்ன சபையில சேந்து எல்லாத்தையும் விட்டுட்டார். அந்த சபைக்கு யுத்தம் ஆகாது. கொலை செய்யாதிருப்பாயாக, அவ்ளோதான். 1917 ஜூன்ல ராணுவத்துக்குப் பேர் பதியச் சொல்றாங்க, விலக்கு கேக்கறீங்களான்னு ஃபாரத்துல ஒரு கட்டம், அதுல ஆமா, எனக்கு சண்டை போட விருப்பமில்லைன்னு எழுதறார். தள்ளுபடி பண்றாங்க. திரும்ப அப்பீல், திரும்ப தள்ளுபடி. ஜார்ஜியாவுல கேம்ப் கார்டனுக்குக் கூட்டிட்டுப் போய் 82வது டிவிஷன்ல போட்டுடறாங்க. அங்க போயும் இவர் கேப்டன்கிட்ட சொல்றார், துப்பாக்கி பழகறேன், நல்லாவே சுடுவேன், ஆனா ஆளைச் சுட மாட்டேன்னு.

இங்க தான் நான் கதைய நிறுத்துவேன். நீங்க அந்த கேப்டன், என்ன செய்வீங்க? அஞ்சு நிமிஷம் குரூப் டிஸ்கஷன். எல்லா பேட்ச்லயும் வர்றது தான் அன்னைக்கும் வந்துச்சு. மெமோ, வார்னிங் லெட்டர், டிரான்ஸ்ஃபர், "சஸ்பெண்ட் பண்ணிட்டு பேசுவோம் சார்". கேட்டவர்னு சொன்னேனே, அவர் அங்க செக்யூரிட்டி ஆபீசர், ரிட்டயர்ட் ஹவில்தார், சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். குரூப்ல எதுவும் பேசல. கடைசில நான் கேட்டதும் எழுந்து நின்னு சொன்னார், "லீவு குடுத்து ஊருக்கு அனுப்பிடுவேன் சார். தானா சரியாயிடும்." எல்லாரும் சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. "எங்க ஆபீசர் சாப் எனக்கு அப்படித்தான் பண்ணாரு"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா அடுத்த ஸ்லைடே அது தான். யார்க்கோட மேஜர் பக்ஸ்டன் அவர மிரட்டல. ரூமுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சு பைபிளத் திறந்து பேசறார், அவரும் பக்திமான். எசேக்கியேல்ல வர்ற காவற்காரன், பட்டயம் வர்றதப் பாத்தும் எக்காளம் ஊதாம இருந்தா ரத்தப்பழி அவன் மேலன்னு வருமே அது, அப்புறம் வஸ்திரத்த வித்தாவது பட்டயம் வாங்கிக்கோன்னு லூக்கால இயேசு சொல்றது, இப்படி வசனத்துக்கு வசனம். யார்க்கும் விடாம பதில் சொல்றார். கடைசில மேஜர், நீ ஊருக்குப் போய் யோசிச்சுட்டு வான்னு லீவு குடுக்கறார். யோசிச்சும் மனசு வரலைன்னா சண்டைக்கு அனுப்ப மாட்டேன்னும் சொன்னதா எழுதியிருக்காங்க. யார்க் ஊருக்குப் போய் மலை மேல ஏறி ஒரு பகல் ஒரு ராத்திரி முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிட்டு இறங்கி வந்து, போறேன்னு சொல்லிடறார்.

ஸ்லைடுல நான் போட்டிருக்கறது "மரியாதை குடுத்தா சம்மதம் வரும்". இத்தனை பேட்ச்ல கைதட்டு வாங்கின லைன். ஹவில்தார் அதையே வேற மாதிரி சொல்லிட்டார், தானா சரியாயிடும்னு. லீவுல ஊருக்குப் போறவன் என்னத்தப் பாப்பான்? பக்கத்து வீட்டுப் பையனும் போயிட்டான், சபைல கூட உக்காந்தவனும் போயிட்டான், அம்மா எதுவும் சொல்லாம சோறு போடும். இதெல்லாம் மேஜருக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? இல்ல நான் இப்ப அதிகமா யோசிக்கறேனா? யார்க் பின்னாடி தன் பையன் ஒருத்தனுக்கு ஜார்ஜ் எட்வர்ட் பக்ஸ்டன்னு அந்த மேஜர் பேரையே வெச்சார். ஏமாத்தினவன் பேரை யாரும் பிள்ளைக்கு வைக்க மாட்டாங்க. இத நான் எனக்கே அடிக்கடி சொல்லிக்கறேன், அதான் இங்கயும் சொல்றேன்.

சண்டை எல்லாருக்கும் பிடிச்ச பாகம். 1918 அக்டோபர் 8, பிரான்ஸ், ஆர்கோன் காடு. பதினேழு பேர் சுத்திப் போய் ஜெர்மன்காரங்க பின்பக்கமா நுழையறாங்க, மெஷின் கன் திரும்புது, ஒரே அடியில ஆறு பேர் காலி, மூணு பேருக்குக் காயம், செத்தவங்கள்ல ஒருத்தர் யார்க்கோட நெருங்கின நண்பர். கார்ப்பரல் யார்க் தரையோட தரையா இருந்து, தலை தூக்கறவன தூக்கறவன சுடறார். ஆறு ஜெர்மன் சிப்பாய்ங்க பயனெட்டோட மேட்டுலருந்து ஓடி வர்றாங்க, இவர் பிஸ்டல எடுத்து கடைசில வர்றவன முதல்ல சுடறார், அப்புறம் அதுக்கு முன்னாடி உள்ளவன், அப்படியே முன்வரிசை வரைக்கும். காட்டு வான்கோழி வேட்டைல பழகினது அது. முன்ன போறத சுட்டா பின்ன வர்றது பறந்துடும், பின்னால உள்ளத சுட்டா முன்னது தெரியாமயே வந்துட்டிருக்கும். ஊர்ல கறிக்காகக் கத்துக்கிட்டது. கடைசில 132 பேரக் கைதியா நடத்திக் கூட்டிட்டு வர்றார். ஜெர்மன் ராணுவத்தையே பிடிச்சுட்டு வந்துட்டியாமேன்னு ஜெனரல் கேட்டதுக்கு, இல்லைங்கய்யா 132 பேர் தான்னு சொன்னாராம். அடுத்த நாள் அனுமதி வாங்கிட்டு அதே இடத்துக்குத் திரும்பப் போய் யாராவது உயிரோட இருக்காங்களான்னு தேடிட்டு, செத்தவங்களுக்கு, ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஜெபம் பண்ணிட்டு வந்தார். மெடல் ஆஃப் ஹானர்ங்கற அமெரிக்காவோட உச்ச ராணுவ விருது, நியூயார்க்ல காகிதத்துண்டு மழைல ஊர்வலம், விளம்பரத்துல நடின்னு பணத்தோட வந்தவங்களுக்கெல்லாம் இந்த யூனிஃபார்ம் விக்கறதுக்கில்லைன்னு சொல்லிட்டு ஊருக்குப் போய்ட்டார். 1919 ஜூன்ல காதலிச்ச பொண்ணோட கல்யாணம். என் கடைசி ஸ்லைடு கல்யாண ஃபோட்டோ. அந்த ஃபோட்டோ திரைல இருந்தப்போ தான் கேள்வி வந்துச்சு.

நானூறு ஏக்கர் உண்மை தான். நாஷ்வில் ரோட்டரி கிளப்காரங்க ஊர்ப்பணம் திரட்டி உல்ஃப் ஆத்தோரமா வாங்கிக் குடுத்தாங்க. ஆனா முழுப் பணமும் கட்டி வாங்கல, தவணைல வாங்கினாங்க. பண்ணைக்கு வேண்டியதெல்லாம் சேத்துத் தர்றதா சொன்னதும் முழுசா வரல, மாடு கன்னுக்கு யார்க் கடன் வாங்கினார். அந்த நேரம் பாத்து யுத்தம் முடிஞ்ச கையோட விளைச்சல் விலை படுத்துடுச்சு. ரோட்டரிக்கு மிச்சத் தவணையக் கட்ட முடியல, அதுவும் இவர் தலைல. 1921ல பேப்பர்ல எல்லாம் இவர் கடன் கதை நாறுது, சில பேர் இவரையே குத்தம் சொல்லி எழுதறாங்க. எந்தக் கஷ்டத்துக்கும் பழகிக்குவேன், கடன்பட்டு நிக்கற கஷ்டத்துக்கு மட்டும் நான் லாயக்கில்லைன்னு சொன்னவர் அவர். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்துல தான், நாடு முழுக்க வசூல் பண்ணி, கடன அடைச்சாங்க. இதோட முடிஞ்சுதா? 1941ல அவர் கதைய படமா எடுத்தாங்க, அவரா நடிச்ச கேரி கூப்பருக்கு ஆஸ்கர். வந்த பணத்த யார்க் பைபிள் பள்ளிக்கூடம் கட்டறதுக்குன்னு போட்டார், வரி இலாகா வருமானத்துக்குக் கணக்கு கேட்டு வட்டியோட 1,70,000 டாலருக்கு மேல நோட்டீஸ் அனுப்புச்சு. பக்கவாதம் வந்து படுத்த படுக்கைல கெடந்தப்போ, 1961ல, திரும்ப ஊர்ப்பணம் திரட்டி 25,000 டாலருக்கு செட்டில் பண்ணாங்க. 1964ல இறந்துட்டார்.

இதெல்லாம் எனக்கு அன்னைக்கே தெரியும். அதான் பிரச்சனையே. தெரியாம சொன்னா வேற.

சொல்லாததுக்குக் காரணம் இருக்கு, சும்மா இல்ல. செஷன் நேரம் முடிஞ்சுடுச்சு, கேன்டீன்ல வேற சீக்கிரம் வரச்சொல்லிட்டாங்க. மாட்யூலுக்கும் நிலத்துக்கும் சம்பந்தமில்ல. ஹெச்ஆர் மேடம் முன்னாடி, சரின்னு சொன்னவனுக்குக் கடைசில கடன்தான் மிஞ்சுச்சுன்னு முடிச்சா ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட்டுக்கு யார் வருவா, அடுத்த பேட்ச்சுக்கு என்னை யார் கூப்பிடுவா. எனக்கும் இஎம்ஐ இருக்கு.

ஆனா சாப்பாட்டுல அவர் தட்டத் தூக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தார். அப்ப மேடமும் இல்ல, டைமும் இருந்துச்சு. சட்டைப் பைலருந்து ஒரு சின்ன டைரிய எடுத்துக் காட்டினார், கேட்ல வண்டி நம்பர் எழுதறவங்களுக்குன்னு ஒரு எழுத்து இருக்குமே, சரிவா, அழுத்தி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, அந்த எழுத்துல "யார்க். 132 பேர். 400 ஏக்கர்"னு எழுதி வெச்சிருந்தார். என் ஸ்லைடுலருந்து வேற ஒரு வார்த்தை எழுதல, மரியாதை குடுத்தா சம்மதம் வரும் உட்பட. "எப்படிப்பட்ட மண்ணு சார்?"னு கேட்டார். "ஆத்துப்படுகை சார், நல்ல வண்டல்"னேன். அதுவும் உண்மை தான். ரசத்த ஊத்திக்கிட்டே, அவங்க அப்பா காலத்துல கேணி வத்தினது, இவர் பட்டாளத்துக்குப் போன காசுல ஆழப்படுத்தினது, திரும்பி வந்தப்போ தம்பிங்க பிரிச்சுக்கிட்டது எல்லாம் சொன்னார். அவருக்குன்னு ஒரு மனு எங்கயோ ஆபீஸ்ல ரொம்ப வருஷமா கெடக்காம், எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டால. "பரவால்ல சார், அந்த ஊர்லயாவது செஞ்சிருக்காங்க"ன்னார்.

அந்த இடத்துல சொல்லியிருக்கலாம். சொன்னா என்ன ஆகியிருக்கும்னு பல விதமா ஓட்டிப் பாத்துட்டேன். ஒருவேளை "கடன் இல்லாத நிலம் எங்க சார் இருக்கு"ன்னு சிரிச்சுட்டு மோர் வாங்கப் போயிருப்பார், நான் தான் அவர கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நினைச்சுக்கிட்டேன். இல்ல ஒருவேளை அந்த டைரிய எடுத்து 400 ஏக்கர்னு எழுதினத அடிச்சிருப்பார். அத நான் உக்காந்து பாக்கணும். பாக்க விருப்பமில்ல, உண்மைய சொன்னா அதுவும் ஒரு காரணம். வயசானவர் சந்தோஷமா சாப்பிடறப்போ அமெரிக்காக்காரன் கடன்கதைய எதுக்கு இழுக்கணும்னு நினைச்சேன், அது இரக்கமா சோம்பேறித்தனமான்னு கேட்டா ரெண்டும் ஒரே நேரத்துல இருக்க முடியும்னு தான் தோணுது.

அதுக்கப்புறம் வேற ஊர் பேட்ச் ஒண்ணுல கல்யாண ஃபோட்டோவுக்கு அடுத்து நிலத்துக் கதையையும் சேத்தேன். கடன், வரி, எல்லாம். ஒரு சின்னப் பையன், லைன் லீடர், கையத் தூக்கி "அப்ப அவரு ஃபாரத்துல எழுதின மாதிரியே முடியாதுன்னு நின்னிருக்கலாம்ல சார்?"னான். ரூமே அவன் பக்கம். நான் விடல. மேஜர் வேற, ரோட்டரி வேற, வரி இலாகா வேற, மேஜர் சொன்ன வார்த்தைல எங்கயும் தவறல, யார்க்கும் போனதுக்கு வருத்தப்பட்டு உக்காரல, ஊர் பசங்களுக்கு 1926ல ஹைஸ்கூலே ஆரம்பிச்சார், பணம் பத்தாதப்போ டீச்சர் சம்பளத்துக்குத் தன் நிலத்த அடமானம் வெச்சார், கடன்னா ஆகாதவர் பிள்ளைங்க படிப்புக்காகத் திரும்பக் கடன் வாங்கினார்னு ஒண்ணு விடாம சொன்னேன். எல்லாம் சரியான பாயின்ட் தான், நல்லா தான் பேசினேன். பையன் அரை மனசா தலையாட்டினான். உனக்கு நம்பிக்கை வரலைன்னா பரவால்ல, ஊருக்குப் போய் யோசிச்சுப் பாருன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு, நல்லவேளை ஹெச்ஆர்லருந்து டீக்குக் கூப்பிட்டாங்க.