வால் முளைத்த பிழை

மென்பொருள் சோதனைப் பிரிவில் இருப்பவர்களுக்கு, மற்ற வேலைகளில் அவ்வளவு எளிதாக வாய்க்காத ஒரு சலுகை உண்டு. புதுப் பொம்மையைக் கையில் வாங்கிய குழந்தை அதைத் தட்டியும் தலைகீழாகத் திருப்பியும் எங்கே கழன்று வருகிறதென்று இழுத்தும் பார்ப்பதைப் போல, பிறர் உழைத்து உருவாக்கிய ஒன்றை என்னவெல்லாம் செய்து பார்க்கலாமோ அத்தனையும் செய்து பார்ப்பதுதான் எங்கள் தொழில். பெயரைக் கேட்கும் கட்டத்தில் மூன்று பக்க நீளத்துக்கு ஒரு பெயரை ஒட்டுகிறோம். பிறந்த தேதியாக 2023 பிப்ரவரி 29 என்று இல்லாத நாளைக் கொடுக்கிறோம். பணம் செலுத்தும் பொத்தானைப் பொறுமை இழந்தவர் போல அடுத்தடுத்து அழுத்துகிறோம். கணக்கு பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு என்ன ஆகிறதென்று காத்திருக்கிறோம்.

இத்தகைய வேலையிலும் குதூகலம் வற்றிப்போகும் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். வெளியீட்டுத் தேதி நெருங்க நெருங்க, சோதனைப் பட்டியலில் உள்ள படிகளை ஒவ்வொன்றாக முடித்து, எதிரே குறியிட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்ற நிலைக்கு நல்ல திறமைசாலிகளும் வந்துவிடுகிறார்கள். பட்டியல் இல்லாமல் எங்கள் வேலை நடக்காது; ஆனால் பட்டியலோடு நின்றுவிடுகிறவருக்கு, அதை எழுதியவர் முன்பே எண்ணிப் பார்த்த பிழைகள்தான் கிடைக்கும். யாரும் எண்ணிப் பாராத பிழை, "இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்று சும்மா கேட்டுப் பார்க்கிறவரிடம்தான் அகப்படுகிறது. ஆகவே விளையாட்டுத்தனமும் பொறுப்பும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்ற கருத்தை நான் ஏற்பதில்லை. எங்கள் பிரிவைப் பொறுத்தவரை, விளையாட்டுத்தனத்தைக் காப்பாற்றுவதே பொறுப்பின் ஒரு பகுதி.

எங்கள் குழுவை வெகுநாள் அலைக்கழித்த பிழை ஒன்று இருந்தது. மாதக் கடைசியில் சில பில்கள் தவறான மாதத்துக் கணக்கில் போய் விழும். நாங்கள் உட்கார்ந்து தேடும்போதோ எல்லாம் ஒழுங்காக நடக்கும். தங்கள் பக்கம் தவறில்லை என்று நிரலாளர்களும், சோதித்தபோது வரவில்லை என்று நாங்களும் சொல்லிச் சொல்லி, கூட்டங்களில் குரல்கள் உயரத் தொடங்கியிருந்தன. ஒருநாள் காலை, குழுவில் வயதில் மிக இளையவர் வெள்ளைப்பலகையில் உருண்டையாக ஒரு பிராணியை வரைந்து, "இதுதான் அது. இதைப் பற்றி நிச்சயமாக ஒரு விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் ஓர் உறுப்பு வரையலாம்" என்றார். இரவில் பதிவாகும் பில்களை மட்டுமே தொடுகிறது என்று உறுதியானதும் அதற்கு ஆந்தைக் கண்கள் வந்தன. மாதக் கடைசியில்தான் வருகிறது என்பதற்காக நீண்ட வால் முளைத்தது. தேநீருக்குப் போகிற வழியில் நின்று பார்த்த நிரலாளர் ஒருவர், கூட்டங்களில் எங்களோடு கடுமையாக வாதிட்டவர்தான், மார்க்கரை வாங்கி அதன் காலில் ஒரு கைக்கடிகாரத்தை வரைந்தார். பில்களைப் பதியும் சர்வர் கணினியின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது, நம்முடைய நேரமோ அதற்குப் பல மணி முன்னால் இருக்கிறது என்பதை அந்தக் கடிகாரத்தை வரையும்போதுதான் அவரே உரக்கச் சொன்னார்.

அத்துடன் விடை வந்துவிட்டது. நள்ளிரவைத் தாண்டிப் பதிவான பில்களுக்கு முந்தைய நாளின் தேதி விழுந்துகொண்டிருந்தது. மாதம் பிறக்கிற இரவில் அது முந்தைய மாதமாகி வெளியே தெரிந்தது. அப்படியானால் பிழை ஒவ்வோர் இரவும் வந்திருக்கிறது, மற்ற நாள்களில் யார் கண்ணிலும் படவில்லை என்று புரிந்ததும், வாலை வரைந்தவரே எழுந்து போய் அதை அழித்தார். அறை முழுவதும் சிரித்தது. அந்தப் படம் பிழையைக் கண்டுபிடித்தது என்று நான் சொல்லமாட்டேன். யாருடைய தவறு என்ற கேள்வியைச் சில மணி நேரத்துக்கு அறையிலிருந்து வெளியேற்றியது, தெரிந்ததையும் ஊகித்ததையும் எல்லாரும் பார்க்கும்படி பிரித்துக் காட்டியது. இரண்டும் பெரிய உதவிகள்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஆந்திரே கெய்ம் தம் குழுவினருடன் செய்துவந்த வெள்ளிக்கிழமை மாலைச் சோதனைகளைப் பற்றிப் பலர் அறிந்திருப்பார்கள். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டை ஒட்டும் நாடாவால் உரித்து உரித்து, ஓர் அணுவின் தடிமனே உள்ள கிராஃபீன் படலத்தை அவரும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் பிரித்தெடுத்தது அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான். 2004இல் அதை வெளியிட்டார்கள்; 2010இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, வலிமையான காந்தப்புலத்தில் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டதற்காக, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசை 2000ஆம் ஆண்டில் இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரியுடன் பகிர்ந்துகொண்டவர் கெய்ம். பரிசுகளைவிட, அந்த மாலை வேளை ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பலன் தராவிட்டாலும் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்ட நேரம் அது. வெளியீட்டு வாரங்கள் தவிர மற்ற வாரங்களில் ஒரு பிற்பகலை எங்கள் குழுவுக்கும் அப்படி ஒதுக்கியிருக்கிறேன். அன்று பட்டியலும் கிடையாது, அறிக்கையும் கேட்கமாட்டேன்.

நிர்வாகம் ஏற்பாடு செய்யும் பலூன்களும் போட்டிகளும் வேறு வகை. அவற்றில் கெடுதல் ஒன்றுமில்லை, சிலருக்கு உண்மையிலேயே பிடிக்கவும் செய்கிறது. ஆனால் விருப்பம்போல் தொடங்கவும் விருப்பம்போல் நிறுத்தவும் முடியாத ஒன்றை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

விளையாட்டு எப்போது நிற்கிறது என்பதற்கு, நரம்பியல் அறிஞர் யாக் பாங்க்செப் எலிக்குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனையைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. ஒன்றோடொன்று உருண்டு புரண்டு விளையாடிக்கொண்டிருந்த குஞ்சுகளின் கூண்டில் அவர் சிறிதளவு பூனை மயிரை வைத்தார். அவை பூனையையே பார்த்ததில்லை. ஆனாலும் விளையாட்டு அடியோடு நின்றது. மயிரை எடுத்துவிட்ட பிறகும் பழையபடி விளையாடத் தொடங்கச் சில நாள்கள் ஆயின. ஒரு மேலாளர் கூட்டத்தில் ஒருவரை எல்லார் முன்னிலையிலும் சிறுமைப்படுத்தினால், அடுத்த சில நாள்களுக்கு அந்தக் குழுவில் யாரும் அசட்டுக் கேள்வி எதுவும் கேட்கமாட்டார்கள். வேலை நடந்துகொண்டிருப்பதால் மேலாளர் அதைக் கவனிப்பதுமில்லை. எங்கள் தொழிலில் அசட்டுக் கேள்விகள் நின்றுவிட்டால் பிழைகள் வாடிக்கையாளரிடம் நேராகப் போய்ச் சேரும்.

பிறரைப் பலியாக்கும் கேலியும் இதே அச்சத்தைத்தான் வளர்க்கிறது. ஒருவருடைய உச்சரிப்பையோ நடையையோ நடித்துக்காட்டிச் சிரிக்கிறபோது, அவரும் வேறு வழியின்றிச் சேர்ந்து சிரிப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதில் நான் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை.

வீட்டில் விளையாட்டுக்குக் குறுக்கே நிற்பது அச்சத்தைவிட அசதிதான். என் ஆறு வயது மகள் மாலையில் மருத்துவராகிவிடுவாள், நோயாளி நான். முழங்காலில் மேகம் புகுந்துவிட்டது என்று நோயைக் கண்டறிந்து, கரண்டியைக் காதில் மாட்டிக்கொண்டு பரிசோதிப்பாள். கைபேசியை ஒரு கண்ணால் பார்த்தபடி நான் ஒப்புக்கு இருமினால், "அம்மா, நீ சும்மா இருமுறே. நிஜமா இருமு" என்று உடனே பிடித்துவிடுவாள். முழு மனதோடு இருமினால் பத்து நிமிடத்தில் அவளுக்கு நிறைந்துவிடுகிறது. அரை மனதோடு இருந்தால் ஒரு மணி நேரமானாலும் போதவில்லை. களைத்துப்போய் வந்த எனக்கும் அந்தப் பத்து நிமிடம் இளைப்பாறுதலாகிவிடுகிறது என்பதுதான் வியப்பு. 1948இன் உலகளாவிய மனித உரிமைகள் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு ஓய்வையும் விடுமுறையையும் எல்லாருக்கும் உரிமையாக்கியது. விளையாட்டு 1989இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில், 31ஆம் பிரிவில், குழந்தைகளுக்கான உரிமையாக வந்தது. பெரியவர்களுக்கு ஓய்வு மட்டும் போதும் என்று நாமும் நம்பிவிட்டோமோ என்று அந்த மாலைகளில் எனக்குத் தோன்றும்.

என் அப்பா வேலையில் இருந்த காலத்தில் எங்களோடு விளையாட அவருக்கு நேரம் வாய்த்ததில்லை. இப்போது பேத்தியோடு சதுரங்கம் ஆடுகிறார். "தாத்தா, இன்னிக்கு உங்க குதிரைக்குக் காய்ச்சல், அது தாண்டாது" என்று அவள் சொன்னால், காய்ச்சல் எத்தனை நகர்த்தலுக்கு, அவளுடைய யானைக்கும் அது தொற்றுமா என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் பேரம் பேசி, உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் அடுத்த காயைத் தொடுவார். எழுபதைக் கடந்தவருக்கு இந்த ஆற்றல் புதிதாக வந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. இடமும் நேரமும் கிடைக்கக் காத்திருந்திருக்கிறது.

ஆண்டு மதிப்பீட்டின்போது என் குழுவினரிடம், நிறுவனம் தரும் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியையும் கேட்கிறேன்: "யாரும் சொல்லாவிட்டாலும் இந்த வேலையில் எதை நீங்களாகவே செய்துகொண்டிருப்பீர்கள்?" பலர் முதலில் தயங்குகிறார்கள், அது ஏதோ பொறி என்று எண்ணி. சென்ற முறை ஒருவர் மிகவும் யோசித்து, சோதனைக்காகப் பொய் வாடிக்கையாளர்களை உருவாக்குவது தமக்குப் பிடிக்கும் என்றார்: ஒரே நாளில் பிறந்து ஒரே பெயர் வைத்துக்கொண்ட இரட்டையர், மாதந்தோறும் முகவரி மாற்றுகிறவர், பெயரே ஒற்றை எழுத்தாக இருப்பவர். மாதிரித் தரவு தயாரிக்கும் பொறுப்பை முழுவதுமாக அவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அவருடைய இரட்டையர் சென்ற வெளியீட்டுக்கு முன்பே இரண்டு கோளாறுகளைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு தங்கை வேண்டுமென்று நிரலாளர்களே இப்போது கேட்டிருக்கிறார்கள்.