விரித்தால் விரிந்தபடி கிடக்கும் நோட்டு

மேசையில் விரித்து வைத்தால் கையை எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளும் நோட்டுகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். எழுதுவது வலது கை என்றால், இடது கைக்கு அதை அமுக்கிப் பிடிப்பதே முழுநேர வேலையாகிவிடுகிறது. முதுகில் வெறும் பசையை இழுத்து ஒட்டிய நோட்டாக இருந்தால் இன்னும் மோசம். அழுத்தி விரித்தால் தாள் கையோடு வந்துவிடும். சரி, நாமே தைத்துப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். அழகு, தோல் அட்டை, தங்க எழுத்து எதுவும் என் கணக்கில் இல்லை. எந்தப் பக்கத்தில் திறந்தாலும் நோட்டு மல்லாந்து கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

தையலில்தான் சூட்சுமம் இருக்கும் என்று நினைத்துத்தான் ஊசி, நூல், முடிச்சு பற்றியெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் பைண்டிங் பற்றி உருப்படியாக எழுதியிருக்கும் எவரும் நூலுக்கு வருவதற்கு முன்பே காகிதத்தின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்றுதான் கேட்கிறார்கள். இயந்திரத்தில் காகிதம் செய்யும்போது, தண்ணீரில் மிதக்கும் கூழ் ஓடிக்கொண்டிருக்கும் சல்லடைமேல் விழுகிறது. அந்த ஓட்டத்தின் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படிந்துவிடும். அதனால் ஒரு தாளுக்கு இரண்டு குணம். நாரின் போக்கில் மடித்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். குறுக்கே மடித்தால் விறைத்துக்கொண்டு நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தாளை மடிக்காமல், இரண்டு ஓரங்களையும் சேர்த்து லேசாக வளைத்து உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள். பிறகு தாளைத் திருப்பி மறு வாக்கில் அதையே செய்யுங்கள். ஒரு வாக்கில் கை சுலபமாக இறங்கும்; இன்னொன்றில் எதிர்த்துத் தள்ளும். சுலபமாக வளைந்தபோது வளைவு எந்தக் கோட்டில் விழுந்ததோ, அதுதான் நாரின் திசை. சந்தேகமாக இருந்தால் தாளைக் கிழித்துப் பார்க்கலாம். நாரோடு கிழித்தால் ஏறக்குறைய நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணலாக ஓடும். எனக்குப் பிடித்தது தண்ணீர்ச் சோதனை. ஒரு சின்னச் சதுரத்தை வெட்டி ஒரு பக்கத்தில் மட்டும் ஈர விரலால் தடவினால், கண் முன்னாலேயே அது குழலாகச் சுருண்டுகொள்ளும். குழல் எந்த வாக்கில் நீண்டிருக்கிறதோ அதுதான் நார். ஈரம் பட்ட நார் குறுக்குவாட்டில் ஊதும், நீளவாட்டில் அவ்வளவாக நீளாது. சுருளுவதற்குக் காரணம் அதுதான். இந்த ஒரு குணம் பின்னால் பசை தடவும்போதும் வந்து வேலையைக் காட்டுகிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். வழக்கமான ஏ4 ஜெராக்ஸ் தாளில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. அதை நடுவில் மடித்து ஏ5 நோட்டு ஆக்கினால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். அப்படிச் செய்தால் உண்மையில் என்ன ஆகும் என்று பார்க்க, ஒரே அளவில் ஒன்று நாருக்குக் குறுக்கே, ஒன்று நாரோடு என்று இரண்டு நோட்டுகளை வேண்டுமென்றே செய்தேன். நாரோடு மடிக்கத் தாள் எங்கே கிடைக்கும்? நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 தாளை எடுத்து, அதன் நீளத்தைச் சரிபாதியாக வெட்டினால் இரண்டு ஏ4 கிடைக்கும். இந்த ஏ4இல் நார் 210 மி.மீ. பக்கத்துக்கு இணையாக இருக்கும். இதை மடித்தால் மடிப்பும் நாரும் ஒரே கோட்டில். கடையிலிருந்து வரும் ஏ3 எல்லாமே அப்படி இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது; கட்டைப் பிரித்ததும் ஒரு தாளை வளைத்துப் பார்த்துவிட வேண்டும்.

பாதியாக வெட்டினாலும் வடிவம் மாறாமல் இருப்பது இந்த ‘ஏ’ அளவுகளின் தனிச்சிறப்பு. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 2இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 1.414. 1786இலேயே ஜெர்மன் அறிஞர் லிக்டன்பெர்க் ஒரு கடிதத்தில் இந்த விகிதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அது தரநிலையாக வந்தது 1922இல், வால்டர் போர்ஸ்ட்மன் வகுத்த முறையில். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்பதால் எடைக்கணக்கும் மனத்திலேயே போட்டுவிடலாம். 80 ஜி.எஸ்.எம். தாளில், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில், ஏ4 ஒன்று 5 கிராம். என் நோட்டில் 40 தாள், அதனால் காகிதம் மட்டும் 200 கிராம். பையில் போட்டுக்கொண்டு அலையப் போகிறவருக்கு இந்தக் கணக்கு உதவும்.

மடிப்பு வேலை பொறுமையைக் கேட்கிறது. நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகினால் 16 பக்கம், ஒரு ஃபாரம். அப்படிப் பத்து ஃபாரம். நான்கையும் சேர்த்து வைத்து ஒரேயடியாக மடிக்காமல், ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக மடித்துப் பின்னர் சொருகுவதுதான் நல்லது. மடிப்பை அழுத்த ஒரு ஸ்பூனின் பின்புறமே போதும். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு வகைத் தாளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேயே விரலுக்குத் தெரிந்துவிட்டது. நாரோடு விழுந்த மடிப்பு கத்தியால் கீறியதுபோல் நேர்க்கோடாக இருந்தது. குறுக்கே விழுந்ததில் மடிப்பின் முகட்டில் சின்னச் சின்ன வெடிப்புகள், தொட்டால் சொரசொரப்பு. அழுத்தி முடித்து விட்டால், குறுக்கு ஃபாரம் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. மற்றது சொன்ன இடத்தில் படுத்துக்கொள்கிறது.

அப்புறம் துளை. ஒரு கெட்டி அட்டையில் துளைகளின் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் எல்லா ஃபாரத்துக்கும் அதுவே அளவு. இரு முனைகளிலும் ஓரத்திலிருந்து 15 மி.மீ. உள்ளே ஒவ்வொரு துளை, நடுவில், முதுகின் குறுக்கே ஓடி ஃபாரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் துணி நாடா உட்காரும் இரண்டு இடங்களில் நாடாவின் இருபுறமும் ஒவ்வொன்று. ஆக, ஃபாரத்துக்கு ஆறு. ஃபாரத்தைப் பாதி திறந்தபடி வைத்து, மடிப்பின் நடுக்கோட்டில் குத்தூசியை இறக்க வேண்டும். ஊசி ஒரு நூலிழை விலகினாலும் அந்தத் துளை மடிப்பில் இல்லாமல் பக்கத்தில் விழுந்துவிடும்.

நூல் லினனாக இருந்தால் நல்லது. தேன்மெழுகுக் கட்டியின்மேல் இரண்டு முறை இழுத்துவிட்டால் சிக்கும் விழாது, முடிச்சும் நழுவாது. ஊசி கூர்மையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. துளைதான் ஏற்கெனவே இருக்கிறதே, கூர்முனை காகிதத்தையும் பழைய நூலையும் குத்திக் கெடுப்பதற்குத்தான் உதவும்.

தைப்பது இப்படி: ஒரு முனைத் துளையில் நுழைந்து, மடிப்பின் உள்ளே ஓடி, நாடா வரும் இடத்தில் வெளியே வந்து, நாடாவைத் தாண்டி மறுபடி உள்ளே போய், மறு முனையில் வெளியேறுவது. அடுத்த ஃபாரத்தை மேலே வைத்து அதே வழியில் திரும்பி வர வேண்டும். இரண்டாவது முடிந்ததும், தொடக்கத்தில் வெளியே நீட்டி விட்ட நூல் நுனியோடு முடிச்சு. மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு முனையிலும், கீழே உள்ள இரண்டு ஃபாரங்களையும் இணைக்கும் நூலுக்கு அடியில் ஊசியை விட்டு, உண்டாகும் வளையத்துக்குள் நுழைத்து இறுக்க வேண்டும். முழு நோட்டையும் பிடித்துக்கொண்டிருப்பது இந்தச் சின்ன முடிச்சுதான்.

இறுக்குவதில் ஒரு விஷயம் உண்டு. நூலை எப்போதும் முதுகுக்கு இணையாக, தையல் போகும் திசையிலேயே இழுக்க வேண்டும். நம்மை நோக்கியோ வந்த வழியிலேயோ இழுத்தால் நூல் துளையை வாளாக அறுத்துவிடும். எவ்வளவு இறுக்கம்? நூல் மடிப்பில் தொய்யாமல் படிந்தால் போதும். வலிமையைக் காட்ட வேண்டிய இடம் இதுவல்ல.

இந்தத் தையல் எவ்வளவு காலம் நிற்கும் என்று யோசித்தால் செயின்ட் கத்பர்ட் நற்செய்தி நூல்தான் நினைவுக்கு வருகிறது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, 138க்கு 92 மி.மீ. அளவிலான சின்னப் புத்தகம். 1104இல் இங்கிலாந்தின் டரம் நகரில் கத்பர்ட் என்ற அந்தத் துறவியின் சவப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது. அதை 2012இல் பிரிட்டிஷ் நூலகம் 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அதில் நாடாவும் இல்லை, கயிறும் இல்லை. ஃபாரத்தை ஃபாரத்தோடு நூலாலேயே கோத்த காப்டிக் தையல். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கும் பிறகு அசல் தோல் அட்டையோடு அப்படியே இருக்கிறது. என் நோட்டு அத்தனை காலம் இருக்க வேண்டாம், அதில் இருப்பது பெரும்பாலும் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்.

தைத்து முடித்ததும் நோட்டு ஆப்பு மாதிரி இருந்தது, முதுகில் தடிமன், வாயில் மெல்லிசு. ஒவ்வொரு ஃபாரத்தின் நடுவிலும் ஒரு சுற்று நூல் போகிறது அல்லவா? 0.4 மி.மீ. நூல் பத்து ஃபாரத்தில் சேர்ந்தால் 4 மி.மீ. காகிதத்தின் மொத்தத் தடிமனே 8 மி.மீ. சுற்றிலும்தான். அழுத்தத்தில் நூல் கொஞ்சம் காகிதத்துக்குள் புதைந்து குறையும் என்றாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவு மிஞ்சுகிறது. பழைய பைண்டர்கள் இந்தக் கூடுதலை வீணாக்காமல், முதுகைச் சுத்தியலால் மெல்லத் தட்டி வளைத்துவிடுவார்கள். தடித்த புத்தகங்களின் முதுகு வளைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான் தட்டவில்லை, முதுகைத் தட்டையாகவே விட்டேன்.

முதுகுக்கு வெள்ளைப் பசைதான், பாலிவினைல் அசிடேட். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே 1912இல் கண்டுபிடித்த பொருள் இது. காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும், அதனால் முதுகுக்குப் பொருத்தம். மெல்லிய பூச்சாக, ஃபாரங்களின் இடுக்கில் இறங்கும்படி தடவினேன். அதன்மேல் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி, இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்படி. அட்டையோடு நோட்டைப் பிணைக்கப் போவது அந்த நீட்டலும் நாடாவின் நுனிகளும்தான். மாவுப் பசைக்கு வேறொரு நல்ல குணம் உண்டு, நனைத்தால் விட்டுவிடும். பழைய நூல்களைப் பழுதுபார்ப்பவர்கள் ஸ்டார்ச் பசையை விரும்புவது அதனால்தான்.

அட்டை வேலையை அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2 மி.மீ. கெட்டி அட்டை, மூன்று பக்கமும் நோட்டைவிட 3 மி.மீ. கூடுதல், முதுகுக்கும் அட்டைக்கும் நடுவே கீல் மாதிரி மடங்க 7 மி.மீ. இடைவெளி. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அட்டையின் முதுகுத் துணியை நோட்டின் முதுகில் ஒட்டவே கூடாது. இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் திறக்கும்போது அட்டையின் முதுகு ஒரு பக்கம் விலகி, உள்முதுகு வளைய இடம் கொடுக்கும். ஒட்டிவிட்டால் இவ்வளவு நேரம் தைத்ததற்கு அர்த்தமே இல்லை.

வெளியே துணி ஒட்டிக் காய்ந்ததும் அட்டை வெளிப்பக்கமாக வில்போல் வளைந்தது. பயப்பட வேண்டாம், ஈரத்தில் விரிந்தது காயும்போது சுருங்கி இழுக்கிறது. உள்பக்கம் முதல் தாளை ஒட்டியதும் அது எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்துவிடும். இதற்கும் அட்டை, துணி, தாள் மூன்றின் போக்கும் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். ஒட்டியதும் ஈரம் உள்ளே போகாமல் இடையில் மெழுகுத்தாள் வைத்து, மேலே கனமான அகராதிகளை அடுக்கி ஒரு இரவு விட்டேன். நடுவில் எடுத்துத் திறந்து பார்க்கக் கை அரிக்கும், திறக்கக் கூடாது.

இரண்டையும் சில வாரம் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தாயிற்று. நாரோடு மடித்தது முதல் நாளிலிருந்தே விரிந்து கிடக்கிறது. மூன்றாம் பக்கத்தில் திறந்தாலும் அப்படித்தான், நூற்றைம்பதாம் பக்கத்திலும் அப்படித்தான். குறுக்கே மடித்தது தையலின் தயவால் கழன்று விழவில்லை, நடுப்பக்கங்களில் ஓரளவு விரியவும் செய்கிறது. ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் தாள்கள் நிமிர்ந்து நின்றுகொண்டு திரும்ப மறுக்கின்றன. பசை ஈரம் பட்ட முதுகோரத்தில் அலை அலையாகச் சுருக்கம் வேறு. நார் முதுகின் நீளத்துக்கே ஊதப் பார்க்கிறது, பசை விடமாட்டேன் என்கிறது, நெளிவதைத் தவிர காகிதத்துக்கு வழியில்லை. இரண்டிலும் ஒரே நூல், ஒரே பசை, ஒரே கை.

ஓரங்களை நான் சீர்செய்யவில்லை. உள்தாள்கள் அரை மில்லிமீட்டருக்குள் வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. வீட்டுக் கட்டரும் இரும்பு ஸ்கேலும் வைத்து அத்தனை தாளையும் நேராக வெட்டுவது பெரும்பாடு. படிக்கட்டு ஓரம் பக்கம் புரட்ட உதவவும் செய்கிறது, அதனால் அப்படியே இருக்கட்டும். சிலர் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்கிறார்கள். தூசு பறக்கும், எனக்கு அது ஒத்துவராது.

அடுத்ததற்குத் தாள் வெட்டி மடித்தாயிற்று. இந்த முறை நூலை மெல்லிசாக்கி, ஃபாரத்துக்கு ஐந்து தாளாக வைத்து எட்டு ஃபாரத்தில் முடிக்கப் போகிறேன். நூற்சுற்று இரண்டு குறையும், முதுகின் வீக்கமும் குறைய வேண்டும். உள்தாள் இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். முதுகைச் சுத்தியலால் தட்டி வளைப்பது அதற்கு அடுத்த நோட்டில்.