கண்ணாடியைச் சுரண்டி ஒரு ஆய்வுக்கூடம்

மெட்ரோபொலிஸ் படத்தை மூன்றாம் தடவை பார்த்தபோதுதான், அதிலுள்ள ஒரு தந்திரக் காட்சியை வீட்டிலேயே போனில் எடுத்துப் பார்க்கும் இந்தக் கிறுக்கு பிடித்தது. ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ஜெர்மன் ஊமைப்படம், 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானது. எந்திரப் பெண்ணைச் செய்யப்போய் ஒரு கையையே பறிகொடுத்த விஞ்ஞானி ரோட்வாங், அவனைத் தேவாலயக் கூரைவரை துரத்திப் போகும் கதாநாயகன் ஃபிரேடர். முதல் இரண்டு தடவை இவர்களுக்காகப் பார்த்தேன். மூன்றாம் தடவை, பணக்காரப் பிள்ளைகள் ஓடும் அந்த மைதானத்துக்காக. கீழ்ச்சுவர் மட்டும்தான் செட். மேலே வானளாவ நிற்பது சின்ன மாடல். இரண்டையும் கேமராவுக்குள்ளேயே ஒட்டியது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ஒளிப்பதிவாளர் ஆய்கன் ஷுஃப்டான் கண்டுபிடித்த வித்தை இது.

கேமராவுக்கு முன் கண்ணாடியை 45 டிகிரி சாய்வில் நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் மாடல் அதில் தெரியும். ஆள் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் பின்பக்க ரசப்பூச்சைச் சுரண்டிவிட்டால், அந்த ஓட்டை வழியாகத் தூரத்தில் நிற்கும் ஆள் மாடலுக்குள் இருப்பது போலத் தெரிவார். அவ்வளவுதான். சொல்லச் சுலபம்.

என் மாடல் ஒரு கிறுக்கு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம். தெர்மாகோல் சுவர், காலி டானிக் பாட்டில்கள், பழைய ரேடியோவின் செம்புச் சுருள். கேமராவிலிருந்து மாடல் கண்ணாடி வழியாக 2 அடி, நடிக்கும் அக்கா பையன் 20 அடி. அப்படியானால் மாடல் பத்தில் ஒரு பங்கு. நாலரை அடிப் பையனுக்கு ஆறரை அங்குலக் கதவு போதும்.

சுரண்டுவதுதான் பெரிய வேலை. கண்ணாடியின் பின்பக்கம் பெயின்ட், அதன் அடியில் செம்பு நிறப் பூச்சு, அதற்கும் கீழேதான் வெள்ளி. ஒரு மணி நேரம் பிளேடோடு போராடியும் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி. அம்மா வேறு, "முகம் பாக்குற கண்ணாடியைப் போய் சுரண்டுறியே, வீட்டுக்கு ஆகாதுடா" என்று ஒரு பாட்டம். ஆனால் கண்ணாடியை லென்ஸுக்கு நெருக்கமாக நகர்த்தியதும் அந்த ஓரம் மங்கலாகி, ஒட்டு எங்கே என்றே தெரியவில்லை. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த நாள் மொட்டை மாடியில் வரிசையாகச் சொதப்பல். மாடலுக்கு ஃபோகஸ் வைத்தால் பையன் மங்கினான். போனின் அகலக் கோண 0.5 லென்ஸுக்கு மாறியதும் இரண்டும் தெளிவாகிவிட்டன. "ஆய்வுக்கூடம்" என்று ஆசையாக எழுதிய பலகை தலைகீழாக இல்லை, இடவலம் மாறித் தெரிந்தது. கிழித்துவிட்டு மாற்றி எழுதினேன். சுரண்டிய இடத்திலும் வெறும் கண்ணாடி கொஞ்சம் பிரதிபலித்ததால் பையனின் நெஞ்சில் ஒரு டானிக் பாட்டில் ஆவி போல மிதந்தது. மாடலின் கதவுக்குள் கறுப்புத் துணி ஒட்டியதும் ஆவி போய்விட்டது. நிழல்தான் படுத்தியது. பையன் மேல் வெயில் இடமிருந்து விழ, மாடலுக்கு நேர் எதிரிலிருந்து விழுந்தது. கடைசியில் மாடலைக் குடையால் மறைத்து, எல்இடி பல்பு வைத்துச் சரிசெய்தேன்.

பதினோராவது டேக்கில் பையன் நிஜ ஏணியில் ஏறி, என் தெர்மாகோல் கதவுக்குள் எட்டிப் பார்த்தான். ஏழு விநாடி. போனில் பார்த்துவிட்டு, "மாமா, நான் ஏன் இவ்ளோ குட்டியா இருக்கேன்?" என்றான்.

புகை மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. ஊதுபத்திப் புகை சின்ன மாடலில் படபடவென்று ஓடி, அளவைக் காட்டிக்கொடுக்கிறது. ஸ்லோமோஷனில் எடுத்தால் பையனும் சேர்ந்து மந்தமாகிறான், ஒரே ஷாட் அல்லவா? அவனை நாலு மடங்கு வேகமாக ஏறச் சொன்னேன். இரண்டாம் படியிலேயே செருப்பு கழன்றுவிட்டது. அவன் பரீட்சை முடியட்டும், ஏணிக்குப் பதிலாக மூன்று படி ஸ்டூல் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.