கறுப்பு பெல்ட் தேர்வில் என்னை நிறுத்தியது முதல் பூம்சே

டேக்வாண்டோவில் முதல் டான், அதாவது கறுப்பு பெல்ட்டின் முதல் நிலைத் தேர்வில் நான் இரண்டாவது முறைதான் தேறினேன். முதல் முறை சறுக்கியது, சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்ட முதல் பூம்சேயான டேகுக் இல் ஜாங்கில். தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

டே என்றால் கால், க்வான் என்றால் முஷ்டி, டோ என்றால் வழி. 1955-ல் கொரியாவில் வைத்த பெயர். 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து பதக்க விளையாட்டாக இருப்பதால், தலை உயர உதையைப் பார்த்துத்தான் பலரும் சேர்கிறோம். தேர்விலோ பூம்சே, கியோருகி (எதிராளியோடு மோதுவது), பலகை உடைப்பு மூன்றையும் பார்ப்பார்கள். எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுகள்தான் பூம்சே. முதல் டானுக்கு எட்டு டேகுக் பூம்சேயும் தெரிந்திருக்க வேண்டும், எதைக் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. மாதக்கணக்கில் எட்டாவதையே செய்துகொண்டிருந்த என்னிடம் முதலாவதைக் கேட்டார்கள்.

இல் ஜாங்கில் 18 அசைவுகள். முதல் நான்கும் ஆப் சொகி, அதாவது சாதாரணமாக நடக்கும்போது விழும் அடி அளவுதான். ஐந்தாவதில்தான் ஆப் குபி: முன் முழங்கால் மடங்கி, பின் கால் நீண்டு, உடல் தாழும். நீண்ட அடிக்கே பழகிவிட்ட என் கால்கள் முதல் அசைவிலேயே அகலமாக விழுந்தன. ஐந்தாவதில் தாழ இடமே இல்லை. தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டிய பூம்சேயை ஓர் அடி தள்ளி முடித்தேன். போதாததற்கு, கடைசிக் குத்தில் மட்டும் போட வேண்டிய கிஹாப் சத்தத்தைப் பதற்றத்தில் நடுவிலேயே போட்டுவிட்டேன்.

எங்கள் மாஸ்டர் திட்டவில்லை. "கால் எங்க விழுதுன்னு பாருப்பா, கை தானா வரும்" என்றார். அப்புறம் மூன்று மாதம் மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கால்களை மட்டும் நகர்த்திப் பழகினேன். தினமும் எட்டு பூம்சேயும் ஒருமுறை. குறிக்குத் திரும்பாத நாளில் எந்தத் திருப்பத்தில் அடி நீண்டது என்று தேடுவேன். எனக்கு இதைவிடப் பயன்பட்ட பயிற்சி வேறில்லை.

கியோருகிக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: தோல்யோ சகி (சுழற்றி அடிக்கும் உதை) அடித்த காலை உடனே மடக்கிக் கீழே வையுங்கள், தற்காப்புக்கு உயர்த்திய கைகள் இறங்கக் கூடாது.

பலகையில் முதலில் மர வரியைப் பாருங்கள். பிடிப்பவரின் ஒரு கையிலிருந்து மறு கைக்கு வரி ஓடினால் உடையாது, திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் தவறே இல்லை. யோப் சகி (பக்கவாட்டு உதை) அடிப்பதென்றால் முழங்காலை நன்றாக மடக்கி, ஊன்றிய காலின் குதிகால் பலகைப் பக்கம் திரும்பும்படி சுழன்று, பாதத்தின் வெளி விளிம்பால் அடிக்க வேண்டும். பயந்து வேகத்தைக் குறைத்தால்தான் கால் வலிக்கும்.

ஜுன்பி (தயார்), சிஜாக் (தொடங்கு), பாரோ (பழைய நிலைக்குத் திரும்பு) போன்ற கட்டளைகளை வேறொருவர் குரலில் சொல்லச் சொல்லிப் பழகுங்கள். மாஸ்டர் குரலுக்கே பழகிய காது, புதுக் குரல் கேட்டதும் ஒரு நொடி தயங்கும். இரண்டாவது தேர்வுக்கு முன் என் அக்காதான் ஒரு வாரம் மாடியில் நின்று எனக்குக் கட்டளை போட்டார்.