கணவாய்க் காற்றுக்கு எந்த ஜெனரேட்டர்? கொழிஞ்சாம்பாறைக் குறிப்புகள்

ஜூன் 4

பாலக்காட்டுக் கணவாயில், கொழிஞ்சாம்பாறைத் தோட்டத்தில் பேட்டரி சார்ஜ் செய்யும் சிறு காற்றாலைக்கான குறிப்புகள் இவை. இறக்கை வட்டத்தின் விட்டம் 2.4 மீட்டர், பேட்டரி 24 வோல்ட். இந்த இரண்டும் முடிவான பிறகுதான் ஜெனரேட்டர் பேச்சு. தகட்டில் பொறித்த வாட்டைப் பார்த்து முதலில் ஜெனரேட்டரை வாங்குவது, செருப்பை வாங்கிவிட்டு அதற்குக் கால் தேடுகிற வேலை.

மூன்று இறக்கை, நுனி வேகம் காற்றைப்போல் 6 மடங்கு என்று வைத்தால், விநாடிக்கு 3 மீட்டர் காற்றில் 143 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 143 சுற்று). 10 மீட்டரில் 477. தண்டில் கிடைக்கும் சக்தி 3 மீட்டரில் 22 வாட், 5 மீட்டரில் 100, 10 மீட்டரில் 800 (இறக்கைத் திறன் 30 சதவீதம் என்று கொண்டால்). ஆடிக் காற்றுக்கு எந்த ஜெனரேட்டரும் ஏதாவது கொடுத்துவிடும். கேள்வி அந்த 22 வாட்டிலும் 143 ஆர்பிஎம்மிலும் இருக்கிறது.

ஜூன் 7

கார் ஆல்டர்னேட்டர். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைப்பதால் எல்லோரும் முதலில் தூக்கி வருவது இதைத்தான். உள்ளே காந்தப்புலம் எழுப்பும் ஃபீல்டு காயில் மட்டும் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் குடிக்கும், அதாவது 36 வாட். மெல்லிய காற்றில் இறக்கை தருவதே 22! சார்ஜ் ஏற ஆயிரம் ஆர்பிஎம்மாவது வேண்டும், அதனால் இறக்கை ஒரு சுற்றுச் சுற்றினால் ஆல்டர்னேட்டர் ஏழு சுற்றுச் சுற்றும்படி பெல்ட் போட வேண்டிவரும். பெல்ட்டின் இழுவையில் இறக்கை கிளம்பவே கிளம்பாது. எஞ்சின் கூடவே ஓடும் காரில் நல்ல பொருள், கம்பத்தின் மேல் சரிப்படாது.

ஜூன் 11

இண்டக்‌ஷன் மோட்டார். பம்பு செட்டில் ஓடும் வகை. பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் 1995இல் நிறுவிய 9 காற்றாலைகளைக் காட்டி, "அதில் இருப்பதும் இண்டக்‌ஷன்தானே" என்பார்கள். ஆமாம், ஒவ்வொன்றும் 225 கிலோவாட். ஆனால் அங்கே கியர்பாக்ஸ் இருக்கிறது. காந்தப்புலம் எழுப்பத் தேவையான மின்னோட்டத்தைக் கொடுத்து, வேகத்தையும் பிடித்துவைக்க மின்வாரியக் கம்பி இருக்கிறது. தோட்டத்தில் தனியாக நிற்கும் சிறு காற்றாலைக்கு இரண்டும் கிடையாது.

தனியாக ஓட்ட கெபாசிட்டர் வேண்டும். 415 வோல்ட் 1 எச்பி மோட்டாருக்கு ஒவ்வொரு இரண்டு கம்பிக்கு இடையிலும் 5 மைக்ரோஃபாரட் அளவில், ரன் கெபாசிட்டர். ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் போட்டால் வெடிக்கும். நாலு போல் (நாலு காந்தமுனை) மோட்டாரை 1500 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்ற வேண்டும், அதாவது வேகத்தைப் பத்து மடங்காக்கும் கியர். லோடு கொஞ்சம் கூடினால் வோல்டேஜ் படுத்துவிடும், சில சமயம் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தமும் போய்விடும். அப்போது 12 வோல்ட் பேட்டரியைச் சில விநாடி தொட்டு எழுப்ப வேண்டும். ஆண்டு முழுக்க ஒரே அளவில் தண்ணீர் விழும் ஓடை இருந்தால் இதையே முதலில் சொல்வேன்.

ஜூன் 12

ட்ரெட்மில் டிசி மோட்டார்: வோல்ட்டை ஆர்பிஎம்மால் வகுத்துப் பாருங்கள். 130 வோல்ட், 4000 ஆர்பிஎம் என்றால் 143இல் 5 வோல்ட்டுகூட வராது. பிரஷ் வேறு தேயும்.

ஜூன் 18

மிஞ்சுவது நேரடியாக இறக்கையில் மாட்டும் நிரந்தரக் காந்த ஆல்டர்னேட்டர். கழற்றிய வாஷிங் மெஷின் மோட்டாரும், மின்ஸ்கூட்டர் ஹப் மோட்டாரும் இந்த வகைதான். ஆனால் உள்ளே இரும்புப் பற்கள் உண்டு. காந்தம் பல்லைப் பிடித்துப் பிடித்து விடுவதால் மெல்லிய காற்றில் கிளம்பத் தயங்கும். கையால் சுற்றினாலே தடக் தடக்கென்று தெரியும்.

பட்டறையில் செய்வதானால் தட்டு வகை மேல். 300 மில்லிமீட்டர் இரும்புத் தட்டு இரண்டு, தட்டுக்கு 12 நியோடைமியம் காந்தம் (46×30×10), நடுவே இரும்பே இல்லாமல் ரெசினில் வார்த்த 9 காயில். தட்டில் காந்தங்கள் வடக்கு, தெற்கு என்று மாறி மாறி. எதிர்த் தட்டில் எதிர்முனை. காயில்களை 1-4-7, 2-5-8, 3-6-9 என்று சேர்த்து ஸ்டார் கட்டு (மூன்று வரிசைகளின் ஒரு முனையை ஒன்றாக முடிவது). கார் பின்சக்கர ஹப் பேரிங்கோடு பொருந்தும்.

தட்டுகளை நெருக்கும்போது, திருகித் திருகி மெல்ல இறக்கும் ஜாக்கி போல்ட் கட்டாயம். கையால் வைக்கப் போனால் விரல் இருக்காது.

ஜூன் 21

ஒரு காயிலுக்கு எத்தனை டர்ன் (கம்பிச் சுற்று)? தட்டுகளின் இடைவெளியில் காந்தப்புலம் 0.6 டெஸ்லா கிடைப்பதாக வைத்தால், 70 டர்ன் போட்டு 143 ஆர்பிஎம்மிலேயே 24 வோல்ட்டைத் தொட்டுவிடலாம். அதில்தான் வம்பு. பேட்டரி வோல்டேஜ் ஏறாது. அதனால் வேகமும் ஏற முடியாது. 10 மீட்டர் காற்றில் 477 சுற்ற வேண்டிய இறக்கை 240 பக்கத்தில் கட்டுண்டு நிற்கும், காற்றை வெட்டாமல் மல்லுக்கு நிற்கும்.

லோடு இல்லாத இறக்கை ஆறு மடங்குக்கு மேலேயே ஓடும். ஆகவே சார்ஜ் தொடக்கம் 180 ஆர்பிஎம்மில் இருந்தால் போதும். அதற்கு 55 டர்ன், 17 கேஜ் கம்பி இரட்டையாக. டர்ன் குறைவதால் கம்பியைத் தடிமனாக்க இடம் கிடைக்கிறது, சூடும் குறையும். பலமான காற்றில் இறக்கை அப்போதும் முழு வேகத்துக்கு வராது. தட்டுகளுக்கு நடுவே வாஷர் சேர்த்து இடைவெளியைக் கூட்டினால் புலம் இளகி இன்னும் கொஞ்சம் ஓடும். முழுசாகத் தீர, வோல்டேஜை மாற்றிக்கொடுத்து இறக்கையைத் தன் வேகத்தில் ஓடவிடும் எம்பிபிடி கன்ட்ரோலர் வேண்டும்.

வார்ப்பதற்கு முன் ஒரு காயிலை லேத்தில் 180 ஆர்பிஎம்மில் சோதியுங்கள். ஏசி மீட்டரில் 3.5 வோல்ட் அளவில் வர வேண்டும். 3க்குக் கீழே போனால் காந்தம் மட்டம், அல்லது இடைவெளி அதிகம்.

ஜூன் 26

ரெசினில் டால்க் பவுடர் கலக்காமல் ஊற்றினால் இறுகும் சூட்டில் விரிசல் விடும். காந்தத் தட்டையும் ரெசினில் மூடுங்கள். நிக்கல் பூச்சு உரிந்த இடத்தில் மழைக்காலத்தில் துரு ஏறி, காந்தம் உப்பி ஸ்டேட்டரை (காயில்களை வார்த்த நடுத்தட்டை) உரசும். சாதாரண 'என்' வகைக் காந்தம் 80 டிகிரிக்கு மேல் பலம் இழக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஜூலை 2

கம்பம். சுற்றிலும் 100 மீட்டருக்குள் இருக்கும் தென்னை உச்சிக்கு 9 மீட்டர் மேலே இறக்கை நிற்க வேண்டும். இந்தப் பக்கம் தோப்பில்லாத நிலம் ஏது? கம்பத்துக்குச் செலவு செய்ய மனமில்லாதவர், ஜெனரேட்டர் வகையைப் பற்றி யோசிப்பதே வீண்.

30 மீட்டர் தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 25 ஆம்பியர் போனால் 2.6 வோல்ட் வழியிலேயே கரையும்.

ஜூலை 9

சோலார் கன்ட்ரோலரை இதில் மாட்டாதீர்கள். பேட்டரி நிரம்பியதும் அது இணைப்பைத் துண்டிக்கும். லோடு போன இறக்கை வெறிபிடித்து ஓடும். உபரியை ஹீட்டருக்குத் திருப்பிவிடும் வகை வேண்டும். வால் மடங்கி இறக்கையைக் காற்றிலிருந்து விலக்கும் ஏற்பாடும் தனியாக வேண்டும்.

இறக்கையை நிறுத்த, ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று கம்பியையும் ஒன்றாகச் சேர்க்கும் சுவிட்ச். காற்று சற்றுத் தணிகிற நேரம் பார்த்துப் போடுங்கள். போட்டு 5 விநாடிக்குள் வேகம் விழவில்லையென்றால் உடனே எடுத்துவிட்டு அடுத்த தணிவுக்குக் காத்திருக்க வேண்டும். பிடிவாதமாக விட்டுவைத்தால் ஸ்டேட்டர் புகையும்.