திட்டு முங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்

எம்.இ. முதல் செமஸ்டரில் டிஜிட்டல் கம்யூனிகேஷன் எனக்கு அரியர் ஆனது. அதில் இன்னமும் உறுத்துவது வாட்டர் ஃபில்லிங் கணக்குதான்: கையில் இருக்கும் பவரை, மேடுபள்ளத்தில் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு நிற்பதுபோல் பல சேனல்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. சூத்திரம் தலைகீழாகத் தெரியும், அதுவே வினையாகிவிட்டது.

மூன்று இணைச் சேனல்கள், அதாவது தகவல் போகும் மூன்று தனித்தனி வழிகள். எல்லாவற்றிலும் நாய்ஸ் (இரைச்சல்) 1. கெயின், அதாவது சிக்னல் எத்தனை மடங்காக வந்து சேரும் என்பது, 1, 1/2, 1/3. மொத்தப் பவர் 10. எதற்கு எவ்வளவு கொடுப்பது? நாய்ஸை கெயினின் வர்க்கத்தால் வகுத்தால் 1, 4, 9; இவைதான் தரையின் உயரங்கள், கூட்டினால் 14. பலர் வர்க்கத்தை மறந்து இங்கேயே விழுவார்கள், நான் விழவில்லை. நீர்மட்டம் (10+14)/3 = 8. மட்டத்திலிருந்து தரையைக் கழித்தால் பவர் 7, 4, −1. மைனஸைக் கண்டதும் அதை 0 ஆக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். 7-ம் 4-ம் 11 ஆச்சே! கையில் இருந்ததே 10.

லீவுக்கு வாலிநோக்கம் வந்தபோது அத்தா உப்பளப் பாத்தியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு திட்டு நனையாமல் நின்றது. "அத்தா, அது?" என்றேன். "முங்கலன்னா விடு. மத்த எடத்துல எம்புட்டு நிக்குதுன்னு பாரு" என்றார்.

அன்று இரவே திரும்பப் போட்டேன். 9 என்பது திட்டு. அதை வெட்டிவிட்டு (10+5)/2 = 7.5. பவர் 6.5, 3.5, 0. கூட்டினால் 10. மூன்றுக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு தடவை அனுப்பும்போது பிழையில்லாமல் போகக்கூடியது சுமார் 1.72 பிட்; இப்படிக் கொடுத்தால் 1.91. தகவல் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த ஷானன் 1949-இல் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும் நாய்ஸுக்குச் சொன்னதும் இதே மட்டக் கணக்குதான். ஆனால் ஒன்று, அனுப்புபவருக்குச் சேனல் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இந்தக் கணக்குக்கே வேலையில்லை.

அதே பேப்பரில் வரும் பல்ஸ் வடிவமைப்புக்கு, அதாவது அடுத்தடுத்து அனுப்பும் துடிப்புகள் ஒன்றோடொன்று குழம்பாமல் வடிவம் கொடுப்பதற்கு, இவ்வளவு மெனக்கெட வேண்டாம். நைக்விஸ்ட் நிபந்தனையைப் படம் போட்டுப் புரிந்துகொள்ளுங்கள்: ஒரு பல்ஸ், மற்ற பல்ஸ்களின் சாம்பிள் நேரங்களில் சுழியமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பல்ஸ் வடிவமான ரெய்ஸ்டு கொசைனில் ரோல்-ஆஃப் (அலைவரிசை ஓரம் சரியும் அளவு) கூடினால் பேண்ட்வித் கூடும், பல்ஸின் வால் சீக்கிரம் அடங்கும். மதிப்பெண்ணுக்கு இது போதும்.

அரியர் பரீட்சையில் நான்கு சேனல் கொடுத்திருந்தார்கள். ஒரு திட்டை வெட்டிய பிறகும் இன்னொன்று மைனஸில் நின்றது. அதையும் வெட்டி, மட்டத்தை மூன்றாம் முறை போட்டு, கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்பினேன்.